நிழல் விழும் தோட்டத்தில் கல்யாண முருங்கை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பழைய வீடு என்றால் பக்கத்தில் ஒரு மாமரமோ புளியமரமோ நிற்கும். அதன் நிழலில் என்ன வைத்தாலும் நோஞ்சானாகவே வருகிறது என்று குறைப்படுகிறவர்களுக்கு நான் கல்யாண முருங்கையைச் சொல்வது வழக்கம். முள் இருக்கிறதே, இலை கொட்டுமே, மரமாகிவிடுமே என்று உடனே கேள்விகள் கிளம்பும். எல்லாம் நியாயமான கேள்விகள்தாம்.

கல்யாண முருங்கை என்பது எது? நாம் சாப்பிடும் முருங்கைக்கு உறவா?

பெயரைத் தவிர வேறு உறவு கிடையாது. இது அவரை, துவரை, அகத்தி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. தாவரவியலில் எரித்ரினா வாரியேகேட்டா என்பார்கள். முள் முருங்கை, முருக்கு என்ற பெயர்களும் உண்டு. ஒரு காம்பில் மூன்று இலைகள் இருக்கும். நடு இலைதான் பெரியது, விரித்த உள்ளங்கையைவிட அகலமாகக்கூட வரும். இளந்தண்டில் கருப்பு நுனியோடு கூம்பு வடிவ முட்கள் இருக்கும்.

புரசுக்கும் மூன்று இலை, சிவந்த பூ என்பதால் சிலர் குழம்புவார்கள். தண்டைத் தடவிப் பாருங்கள். முள் இல்லையென்றால் அது புரசு.

இது பெரிய மரமாயிற்றே, செடி போல வளர்க்க முடியுமா?

விட்டுவிட்டால் ஐம்பது, அறுபது அடிக்குப் போகும். வெட்டிக்கொண்டே இருந்தால் புதராக நிற்கும். நெஞ்சு உயரத்தில் தலையை வெட்டி, கிளைக்கும் துளிர்களைத் தொடர்ந்து ஒடித்து வந்தால் ஐந்தாறு அடி உயரத்தில் அகன்ற இலைகளோடு அடர்ந்து நிற்கும். நிழல் தோட்டத்துக்கு அந்த வடிவம்தான் ஏற்றது. கீரைக்காக வளர்ப்பவர்களுக்கும் அதுவே வசதி, ஏணி தேட வேண்டாம்.

நிழலில் உண்மையிலேயே வளருமா?

"நிழல்" என்று ஒரே சொல்லில் கேட்டால் பதில் சொல்ல முடியாது. இயல்பில் இது வெயிலை விரும்பும் தாவரம். கடற்கரை ஓரங்களிலும் திறந்த வெளிகளிலும் வளர்ந்து பழகியது. எந்நேரமும் இருண்டு கிடக்கும் இடத்தில் வைத்தால் தண்டு மெலிந்து, வெளிச்சம் தெரியும் பக்கமாகச் சாய்ந்து, கணுவுக்குக் கணு இடைவெளி விட்டு ஓடும். கடைசியில் ஒரு காற்றில் ஒடியும்.

ஆனால் நாளில் மூன்று, நான்கு மணி நேரம் நேர் வெயில் விழுந்து மீதி நேரம் நிழலாக இருந்தால் நன்றாகவே வரும். தென்னை மரத்தடியில் விழுவது போன்ற சல்லடை நிழலும் போதும். அப்படிப்பட்ட இடத்தில் இலை இன்னும் அகன்று, மெல்லியதாக வரும். அடை சுடுகிறவர்களுக்கு அந்த இலைதான் பிடிக்கும், வெயிலில் நின்ற செடியின் இலை சீக்கிரம் முற்றி நார் ஏறிவிடும். பூ மட்டும் எதிர்பார்க்கக் கூடாது. சிவப்புப் பூங்கொத்து வேண்டுமென்றால் வெயிலில் ஒரு மரம் தனியாக வளரட்டும்.

காலை வெயிலும் மாலை நிழலுமாக இருக்கும் இடம் கிடைத்தால் யோசிக்காமல் அதைத் தேர்ந்தெடுங்கள். சித்திரை, வைகாசி மாதங்களில் அரூர், ஊத்தங்கரைப் பக்கத்து மேற்கு வெயில் எந்த இளஞ்செடியையும் வாட்டிவிடும்.

வீட்டின் வடக்குப் பக்கம் மட்டும்தான் இடம் இருக்கிறது. அங்கே ஆறு மாதம் நிழல், ஆறு மாதம் வெயில். வைக்கலாமா?

வையுங்கள். என்னைக் கேட்டால், இந்தச் செடிக்கென்றே அமைந்த இடம் அது.

நம் இரு மாவட்டங்களும் ஏறக்குறைய 12 முதல் 13 பாகை வட அட்சத்துக்குள் இருக்கின்றன. சித்திரை பத்து வாக்கில் நண்பகல் சூரியன் நம் தலைக்கு நேரே வரும். அதன்பின் ஆவணி முதல் வாரம் வரை உச்சிக்குச் சற்று வடக்கே இருக்கும். அந்த நான்கு மாதமும் வடக்குச் சுவரோரத்தில் நண்பகலிலும் வெயில் விழும். ஆனி மாதத்தில் பத்தடிச் சுவரின் நண்பகல் நிழல் தெற்குப் பக்கம்தான் விழும், அதுவும் இரண்டடிக்குள். புரட்டாசியில் நிழல் வடக்கே திரும்பி இரண்டடி தாண்டும். மார்கழியில் அதே சுவரின் நிழல் வடக்கே ஏழடிக்கு மேல் நீண்டுவிடும்.

இப்போது செடியின் கணக்கைப் பாருங்கள். பங்குனி, சித்திரையில் துளிர்க்கிறது. ஆடி, ஆவணி வரை இலையைப் பெருக்குகிறது. மார்கழி, தையில் இலையைக் கொட்டிவிட்டு வெறும் குச்சியாக நிற்கிறது. வெளிச்சம் தேவைப்படும் மாதங்களில் வடக்குப் பக்கம் வெயில் இருக்கிறது. வெயில் இல்லாத மாதங்களில் அதற்கு இலையே இல்லை. எப்போதும் பச்சையாக நிற்கும் செடியை அங்கே வைத்தால் மார்கழியில் சோர்ந்துபோகும், இது தூங்கிக்கொண்டிருக்கும்.

சுவரிலிருந்து ஐந்தடியாவது தள்ளி நடுங்கள். மாடி வீடு என்றால் இந்தக் கணக்கு மாறும்: இருபதடிச் சுவருக்கு நிழலும் இரட்டிப்பாகும், அப்போது ஏழெட்டு அடி தள்ளி நடுவது நல்லது. பக்கத்து வீட்டு மாடியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள், பலர் அதை மறந்துவிடுகிறார்கள்.

மாமரத்துக்கு அடியிலேயே வைக்கலாமா?

அடியில் வேண்டாம். போச்சம்பள்ளி, காவேரிப்பட்டணம் பக்கத்துத் தோப்புகளில் நிற்கும் பெங்களூரா மரங்களைப் பார்த்திருப்பீர்கள், இலை அத்தனை அடர்த்தி. கீழே வெளிச்சமும் குறைவு, மேல்மண் முழுக்க மரத்தின் வேர். கிளைப்பரப்பு முடியும் இடத்துக்கு வெளியே, கிழக்குப் பக்கமாக நடுங்கள். புளியமரம் என்றால் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போங்கள். தென்னைக்கு இந்தத் தொந்தரவு இல்லை, இரண்டு மரங்களுக்கு நடுவிலேயே நடலாம்.

இடம் அதைவிட இருட்டு என்றால் கல்யாண முருங்கையை விட்டுவிட்டு ஆடாதோடை வையுங்கள். முள் இல்லை, நிழலைப் பொறுத்துக்கொள்ளும், ஆடு தொடாது.

கன்று எங்கே கிடைக்கும்?

நாற்றங்காலில் பெரும்பாலும் கிடைக்காது. மாங்கன்றுக்குப் பெயர்பெற்ற சந்தூருக்கே போனாலும் ஒட்டு மாங்கன்றுகள்தாம் கண்ணில் படும். இதற்குக் காசு கொடுக்கவும் தேவையில்லை. வேலியோரம் வைத்திருக்கும் யாரிடமாவது ஒரு போத்து, அதாவது நடுவதற்கு வெட்டிய கிளை, கேட்டு வாங்குங்கள். தலைமுறை தலைமுறையாக இந்தச் செடி அப்படித்தான் கை மாறி வந்திருக்கிறது.

போத்தை எப்படி நடுவது?

பச்சைக் கிளை உதவாது. ஓராண்டுக்கு மேல் முற்றிய, பட்டை பழுப்பேறிய கிளை வேண்டும். புதராக வளர்க்கப் போகிறவர்களுக்குக் கட்டைவிரல் பருமன், மூன்றடி நீளம் போதும். வேலிக்கு என்றால் மணிக்கட்டுப் பருமனில் ஆறேழு அடிப் போத்து எடுப்பார்கள். அடிப்பகுதியைக் கூரான அரிவாளால் ஒரே வெட்டில் சாய்வாக வெட்டுங்கள். நார் பிய்ந்தால் அந்த இடத்தில் அழுகல் பிடிக்கும்.

வெட்டியவுடன் நடுவதுதான் பலர் செய்யும் தவறு. இது நீர் கோத்த மெல்லிய மரம். வெட்டுக்காயம் ஈரமாக மண்ணுக்குள் போனால் வேர் விடுவதற்குள் அழுகிவிடும். நிழலில் சில நாள் சாய்த்து வைத்து, காயம் உலர்ந்தபின் நடுங்கள். மேல்நுனியில் சாணி அப்புவது நம் பக்கத்து வழக்கம், நுனி காயாமல் இருக்க அது உதவும். தலைகீழாக நட்டுவிடாதீர்கள். சிரிக்க வேண்டாம், இலையில்லாத குச்சியில் எது அடி, எது நுனி என்று தெரியாமல் போவது உண்டு. வெட்டும்போதே அடியைச் சாய்வாகவும் நுனியை நேராகவும் வெட்டினால் குழப்பம் வராது.

ஒன்றரை அடி ஆழத்துக்குக் கடப்பாரையால் குழி போட்டு, போத்தை இறக்கி, மண்ணை மிதித்து இறுக்குங்கள். போத்தையே அடித்து இறக்கினால் பட்டை உரிந்துவிடும். நம் செம்மண் போதும். களிமண் என்றால் குழியில் ஒரு கூடை மணல் கலந்துகொள்ளுங்கள்.

பருவம்: ஆனி முதல் ஆடிக்குள். நம் மாவட்டங்களுக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு, இரண்டின் பலனும் புதுச் செடிக்குக் கிடைக்கும். ஐப்பசி அடைமழையில் நட வேண்டாம்.

விதை போட்டு வளர்க்கலாமா?

வளர்க்கலாம், பொறுமை வேண்டும். விதைத்தோல் கெட்டி. ஒரு பக்கம் உரசித் தோலைத் திறந்தோ, வெந்நீரில் போட்டு ஓர் இரவு ஊறவைத்தோ விதைக்க வேண்டும். விதைக் கன்றுக்கு ஆழமான வேர் இறங்கும், அதனால் பின்னாளில் காற்றுக்கு அசையாமல் நிற்கும். புதராக வளர்க்க அந்த உறுதி தேவையில்லை.

எங்கள் போர்வெல் தண்ணீர் உப்பாக, கடினமாக இருக்கிறது. தாங்குமா?

தாங்கும். உப்புக்காற்று வீசும் கடற்கரையிலேயே வளரும் இனம் இது. முதல் கோடையில் வாரம் ஒருமுறை, நிழலில் இருந்தால் பத்து நாளுக்கு ஒருமுறை தண்ணீர் விட்டால் போதும். நிழல் தோட்டத்தில் இது சாவதற்குக் காரணம் பெரும்பாலும் வறட்சியாக இருக்காது, வேரடியில் தேங்கும் ஈரமாகத்தான் இருக்கும். பாத்திரம் கழுவும் தண்ணீர் போய்ச் சேரும் மூலையில் வைக்காதீர்கள்.

உரம்?

தேவையில்லை. வேர் முடிச்சுகளில் உள்ள நுண்ணுயிரிகள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக் கொடுத்துவிடும். உதிரும் இலையைப் பெருக்கி எரிக்காமல் அங்கேயே மூடாக்காகப் போடுங்கள், அக்கம்பக்கத்துச் செடிகளுக்கும் அது உரம்.

தை மாதத்தில் இலை முழுவதும் கொட்டிவிட்டது. செத்துவிட்டதா?

செடியின் இயல்பே அது. நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டுங்கள், உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. அந்த நேரத்தில் பதறிப்போய் தினமும் தண்ணீர் ஊற்றுகிறவர்கள்தாம் அதை உண்மையில் கொல்கிறார்கள். இலையில்லாத செடி தண்ணீரை உறிஞ்சாது, வேர் அழுகும்.

எல்லாச் செடியும் ஒரே மாதிரி உதிர்ப்பதும் இல்லை. அடிக்கடி ஒடிக்கப்பட்டு, ஈரம் குறையாமல் இருக்கும் புதரில் பாதி இலை தங்கிவிடும். குளிர் அதிகமான ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் துளிர்ப்பது சமவெளியைவிடச் சற்றுத் தாமதமாகலாம். பங்குனி முடியும்வரை காத்திருங்கள்.

எப்போது கவாத்து செய்வது?

மாசி கடைசியில், துளிர் வெடிப்பதற்கு முன்பு ஒரு பெரிய வெட்டு. அதன்பின் கீரைக்கு ஒடிப்பதே கவாத்து. முதல் ஆண்டு மட்டும் கை வைக்காதீர்கள், வேர் பிடிக்கட்டும். மழைக்காலத்தில் தடித்த கிளையை வெட்டினால் காயத்தில் நீர் இறங்கி அழுகும்.

பூ வேண்டுபவர்கள் மாசியில் வெட்டக் கூடாது. இலையெல்லாம் கொட்டிய பின் அந்தப் பழைய கிளைகளில்தான் பூ வரும். மைனா, காகம், கரிச்சான், தேன்சிட்டு எல்லாம் தேனுக்கு வந்து கூடும். விடியற்காலையில் அந்தச் சத்தத்தில் தூங்க முடியாது என்று ஒருவர் என்னிடம் முறையிட்டார். அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

குழந்தைகள் இருக்கும் வீடு. முள் ஆபத்தில்லையா?

நடைபாதையிலிருந்து நான்கடி தள்ளி வையுங்கள். முள் சிறியதுதான், ஆனால் அழுத்தினால் தோலுக்குள் இறங்கும். வெட்டிப்போட்ட கிளைதான் நின்ற செடியைவிட மோசம், புல்லுக்குள் கிடந்து வெறுங்காலைப் பதம் பார்க்கும். வெட்டிய அன்றே பொறுக்கிவிடுங்கள். ஆழமாகக் குத்தினால் கழுவிவிட்டு, டெட்டனஸ் ஊசி எப்போது போட்டோம் என்று நினைவுபடுத்திப் பாருங்கள்.

முள்ளைவிட நான் அஞ்சுவது விதையைத்தான். கருத்த காய்க்குள் பளபளப்பாக, பெரிய பயறு போல இருக்கும். அதில் நரம்பையும் தசையையும் தாக்கும் ஆல்கலாய்டுகள் உண்டு. புதராக வெட்டி வளர்த்தால் பூவும் இல்லை, காயும் இல்லை, அந்தக் கவலையும் இல்லை. மரமாக விட்டிருந்தால் கீழே விழும் காய்களைக் கூட்டி அகற்றுங்கள்.

இலையெல்லாம் கொப்புளமாகி, காம்பு வீங்கிச் சுருண்டிருக்கிறது. என்ன நோய்?

நோய் அல்ல, ஒரு குளவி. உடல் நீளம் ஒன்றரை மில்லிமீட்டர்தான், கண்ணுக்கே தெரியாது. இளந்துளிருக்குள் முட்டையிடும், புழு வளரும் இடமெல்லாம் கரணையாக வீங்கும். 2004-ஆம் ஆண்டில்தான் அறிவியல் உலகம் இதைத் தனி இனமாக அடையாளம் கண்டு பெயரிட்டது. அடுத்த சில ஆண்டுகளிலேயே கேரளம் வழியாக நம் நாட்டிலும் தென்பட்டது. ஹவாய்த் தீவுகளில் இது முருக்கு இன மரங்களைப் பெருமளவில் அழித்தது. கடைசியில் ஆப்பிரிக்காவிலிருந்து இதைத் தின்னும் இன்னொரு குளவியைக் கொண்டுவந்து 2008-இல் விட்டார்கள்.

வீட்டுத் தோட்டத்தில் செய்யக்கூடியது ஒன்றுதான். வீங்கிய துளிர்களைக் கண்டதும் ஒடித்து எரித்துவிடுங்கள். எருக்குழியில் போட்டால் உள்ளே இருப்பவை வெளியே வந்துவிடும். தாக்குதல் அதிகமென்றால் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிப் புதிதாகத் துளிர்க்க விடுங்கள். மருந்துக் கடையில் வேருக்கு ஊற்றும் பூச்சிக்கொல்லி தருவார்கள். அது இலை வழியாகத்தான் வேலை செய்யும், அந்த இலையைத்தான் நீங்கள் அடைக்கு அரைக்கப் போகிறீர்கள். வேண்டவே வேண்டாம்.

போத்து வாங்கும்போதே பாருங்கள். வீக்கம் உள்ள செடியிலிருந்து எடுக்காதீர்கள்.

இலையை எப்படிச் சமைப்பது?

ஊறவைத்த புழுங்கலரிசியோடு மிளகு, சீரகம், இளம் இலை சேர்த்து அரைத்து, நறுக்கிய சின்ன வெங்காயம் கலந்து அடையாகத் தட்டுவார்கள். காம்பையும் நடு நரம்பையும் கிள்ளி எறிந்துவிடுங்கள், சில சமயம் நரம்பிலும் முள் இருக்கும். நம் பக்கத்துக்கு ஏற்றபடி கேழ்வரகு மாவில் இலையைப் பொடியாக நறுக்கிப் போட்டு ரொட்டி தட்டலாம். எனக்கு அரிசி அடையைவிட இதுதான் ருசி. கேழ்வரகின் மண்வாசனைக்கு இலையின் லேசான கசப்பு நன்றாகப் பொருந்தும். நல்லெண்ணெயில் சுட வேண்டும், இதில் சமரசம் கிடையாது.

சளிக்கு மருந்து என்கிறார்களே?

சளி பிடித்தால் இந்த அடையைச் சுட்டுக் கொடுப்பது வீட்டு வழக்கம். மிளகும் சூடும் தொண்டைக்கு இதம் தரும். மூச்சிரைப்புக்கு மருந்தாக நம்பி, மருத்துவர் கொடுத்ததை நிறுத்திவிடாதீர்கள். சாற்றைப் பிழிந்து டம்ளர் கணக்கில் குடிப்பதையும் நான் ஆதரிக்கமாட்டேன். கர்ப்பிணிகளும் தூக்க மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

முள் மரம் வீட்டுக்கு ஆகாது என்று மாமியார் சொல்கிறார்.

அவருடைய கல்யாணத்தில் அரசாணிக்காலோடு என்ன கொம்பு கட்டினார்கள் என்று மெல்லக் கேட்டுப் பாருங்கள். பந்தலில் நட்டு, மணமக்கள் சுற்றி வந்த அதே கல்யாண முருங்கைக் கொம்பைத் தோட்டத்தில் ஊன்றி, துளிர்த்தால் நல்ல சகுனம் என்று மகிழ்ந்தவர்கள் நம் முன்னோர். அப்படியும் மனம் ஒப்பவில்லையென்றால் வாசல் பக்கம் வேண்டாம், கொல்லையில் வையுங்கள். மாமியாரோடு சண்டை போடும் அளவுக்கு எந்தச் செடியும் உயர்ந்ததில்லை.

இதன் கீழே வேறு ஏதாவது வளர்க்கலாமா?

மஞ்சள், இஞ்சி, சேப்பங்கிழங்கு, கருணைக்கிழங்கு எல்லாம் வரும். கருணையும் மஞ்சளும் தையில் தாமே இலை காய்ந்து அறுவடைக்கு நிற்பவை, மேலே இருப்பது இலை உதிர்ப்பதால் அவற்றுக்குக் கெடுதல் இல்லை. வெற்றிலைக் கொடியையும் ஏற்றலாம், கொடிக்கால்களில் அகத்தியைப் போலவே இதையும் படர்மரமாக வைப்பது உண்டு. மிளகு கேட்கிறவர்களுக்கு: வத்தல்மலை போன்ற குளிர்ந்த மேட்டில் சரி, தருமபுரி நகரத்து வெப்பத்தில் அது வெறும் கொடியாகத்தான் நிற்கும்.

ஆடு மேயும் இடத்தில் வேலியாக நிற்குமா?

முள்ளைப் பார்த்து ஆடு பயந்துவிடும் என்று நினைத்தால் ஏமாறுவீர்கள். முள்ளை ஒதுக்கிவிட்டு இலையை நேர்த்தியாக உருவித் தின்னும், தழைத் தீவனமாகவே இதை ஒடித்துப் போடுகிறவர்கள் உண்டு. துளிர் ஆட்டின் வாய்க்கு எட்டாத உயரம் போகும்வரை, அதாவது முதல் இரண்டு ஆண்டு, காய்ந்த இலந்தை முள்ளையோ கருவேல முள்ளையோ சுற்றிக் கட்டிவையுங்கள். வேலிக்கு நடுபவர்கள் ஆறேழு அடிப் போத்தாக நடச் சொல்வதற்குக் காரணமும் இதுதான்: துளிர் தலையில் வெடிக்கும், ஆடு கீழே நின்று அண்ணாந்து பார்க்கும்.